மழலைக்கு எழுத்தும் ஒலியும்: வீட்டில் தொடங்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்தும் இருக்கிறேன். ‘வீட்டிலேயே எழுத்து சொல்லித்தரலாமா, எங்கிருந்து ஆரம்பிப்பது’ என்று பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் தமிழ் எழுத்தைப் பற்றித்தான். ஆங்கிலத்துக்கும் ஓரிடம் உண்டு.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

ஒலியோடு விளையாடுவதற்கு வயதே பார்க்க வேண்டாம். தாலாட்டும் கைதட்டிப் பாடும் பாட்டும் அந்த விளையாட்டுதான். எழுத்தைக் காட்டுவதற்குத்தான் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை, நான்கு வயது வாக்கில் ஆர்வம் தானாகத் தலைகாட்டும். கிறுக்கிவிட்டு ‘இதுல என் பேர் எழுதியிருக்கேன்’ என்று காட்டுவார்கள். பலகையைப் பார்த்து ‘அங்க என்ன எழுதியிருக்கு?’ என்று கேட்பார்கள். புத்தகத்தில் ஓர் எழுத்தைத் தொட்டு ‘இது என்னோட எழுத்து’ என்பார்கள். இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

பார்க்கவில்லை என்றால் காத்திருங்கள். பின்லாந்தில் ஏழு வயது நிறையும் வருடத்தில்தான் குழந்தைகள் பள்ளியில் சேர்ந்து முறையாக வாசிக்கக் கற்கிறார்கள். அதனால் அவர்கள் யாருக்கும் பின்தங்கிப் போய்விடவில்லை.

முதலில் எழுத்தா, ஒலியா? ஃபோனிக்ஸ் என்பது தமிழுக்கும் பொருந்துமா?

ஒலிதான் முதலில். என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் அழுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

ஃபோனிக்ஸ் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய ஒலியைத் தெரிந்துகொண்டு, அந்த ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக வாசிப்பது. நம் வீடுகளில் ‘எழுத்துக் கூட்டிப் படி’ என்று சொல்வார்களே, அதேதான். தமிழுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி வேறொன்று. தமிழில் ‘ம’ என்ற எழுத்தின் பெயரும் ‘ம’, ஒலியும் ‘ம’. அந்த ஒரு தடை நமக்கு இல்லை.

ஆனால் கூட்டிப் படிக்க வேண்டுமானால், சொல் என்பது சின்னச் சின்ன ஒலிகளால் ஆனது என்று காதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்களான நமக்கு இது வெளிப்படையாகத் தெரிகிறது. மூன்று வயதுக் குழந்தைக்குக் ‘கதவு’ என்றால் மரத்தால் செய்த அந்தப் பொருள், அவ்வளவுதான். அதற்குள் க, த, வு என்று மூன்று துண்டுகள் இருப்பது அதற்கு ஒரு கண்டுபிடிப்பு. அந்தக் கண்டுபிடிப்பு நடப்பதற்கு முன் எழுத்தட்டையைக் காட்டினால், குழந்தை அதை ஒரு படமாக மனப்பாடம் செய்யும். சொல்லோடு அதைப் பொருத்திப் பார்க்கத் தெரியாது.

சரி, ஒலி விளையாட்டு என்றால் வீட்டில் என்னதான் செய்வது?

எனக்கு மிகவும் பிடித்தது ஆமைப் பேச்சு. ஆமை எப்படி மெதுவாக நடக்குமோ அப்படிப் பேச வேண்டும். ‘ஆமை சொல்லுது: க… த… வு. ஓடிப் போய்த் தொடு!’ முதல் இரண்டு மூன்று நாட்கள் குழந்தை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். உதடு லேசாக அசையும். ஒரு நாள், ‘வு’ சொல்லி முடிப்பதற்குள் திரும்பி ஓடிப் போய்க் கதவில் கை வைக்கும். துண்டுகளை ஒட்டிச் சொல்லாக்குவது எப்படி என்று அந்தக் காது கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பின்னாளில் எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது செய்யப் போவதும் இதையேதான். கையில் ஒரு எழுத்துகூட இல்லாமல் அதற்கான வேலை பாதி முடிந்துவிடுகிறது.

அப்புறம் அதைத் திருப்பிப் போடலாம். குழந்தை ஆமையாக மாறி நமக்குச் சொல்லட்டும். இது இன்னும் கடினம், ஏனென்றால் இப்போது சொல்லை உடைக்க வேண்டியது குழந்தை. கைதட்டிக்கொண்டே சொன்னால் வரும். ‘பூ’ ஒரு தட்டு, ‘அம்மா’ இரண்டு, ‘கதவு’ மூன்று, ‘கடிகாரம்’ நான்கு. வீட்டில் இருக்கும் எல்லோருடைய பெயரையும் தட்டிப் பாருங்கள். யார் பெயர் நீளம் என்ற போட்டியில் நேரம் போவதே தெரியாது.

ஓசை ஒத்த சொற்களும் உண்டு. பட்டம், வட்டம், கட்டம், சட்டம் என்று அடுக்கிக்கொண்டே போய், நடுவில் ‘யானை’ என்று ஒன்றைச் செருகுங்கள். குழந்தை சிரித்தால் அதன் காது கேட்டுவிட்டது. எதுகை, மோனை என்று நம் புலவர்கள் பெயர் வைத்தது இந்த இன்பத்துக்குத்தான். முதல் ஒலி ஒத்துவருவது மோனை, இரண்டாவது ஒலி ஒத்துவருவது எதுகை. குழந்தைக்கு அந்தப் பெயர்கள் தேவையில்லை, அந்தக் காது போதும்.

இதற்கென்று உட்கார வேண்டாம். குளிக்க வைக்கும்போது, படி ஏறும்போது, சட்டை மாட்டும்போது செய்வதுதான் இது.

அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத்தானே கற்றுத்தர வேண்டும்?

வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. இதை நான் என் மூத்த மகளிடம்தான் கற்றேன். மூன்றரை வயதில் 12 உயிரெழுத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். கேட்கவே இனிமையாக இருக்கும். ஒரு நாள் ‘உ’வை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதிக் காட்டி, இது என்ன என்றேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கி, ‘அ, ஆ, இ, ஈ…’ என்று ஆரம்பித்து, ஐந்தாவது விரலில் வந்து நின்று ‘உ!’ என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது ஒரு பாட்டு. எழுத்து தெரிந்திருக்கவில்லை. பாட்டு தப்பில்லை, வரிசை பின்னால் அகராதி பார்க்க உதவும். வாசிப்புக்கு அது வழி காட்டாது என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 எழுத்து. உயிரெழுத்துகள் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில் மட்டுமே தனி உருவத்தோடு வரும். 12 உயிரையும் கரைத்துக் குடித்தாலும், அவற்றை மட்டும் வைத்து வாசிக்கக் கிடைக்கும் சொற்கள் ஈ, ஆ போல ஒன்றிரண்டுதான். மாதக்கணக்கில் எழுத்து படித்தும் ஒரு சொல்கூட வாசிக்க முடியாத குழந்தைக்கு, இதெல்லாம் எதற்கு என்றே புரியாது.

அதனால் நான் எடுத்துக்கொள்வது ஆறு எழுத்து: ப, ட, ம, க, ல, ர. இவற்றோடு தலையில் ஒரு புள்ளி. இதற்குள்ளேயே எத்தனை சொற்கள் வருகின்றன பாருங்கள்: படம், மரம், பல், கல், கடல், பகல், பட்டம், கட்டம், பக்கம், கப்பல். இந்தச் சொற்களில் எல்லாமே குழந்தைக்குத் தெரிந்தவை, பாதிக்கு மேல் படமாக வரையக்கூடியவை. ஆறோடு ‘அ’வையும் துணைக்காலையும் சேர்த்தால் அம்மா, அப்பா, மாமா, பாப்பா, பாடம் எல்லாம் வந்துவிடும். தானே கூட்டி ‘அம்மா’ என்று வாசித்த குழந்தையை அதற்கப்புறம் யாரும் தூண்ட வேண்டியதில்லை.

இந்த ஆறு வேதவாக்கு என்று நினைக்க வேண்டாம். குழந்தையின் பெயரில் உள்ள எழுத்துகளை முதலில் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எந்தக் குழந்தையும் முதலில் பிடித்துக்கொள்வது தன் பெயரின் முதல் எழுத்தைத்தான்.

சுவரில் மாட்டும் எழுத்து அட்டவணை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதை நம்பியிருக்க வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் ஆரம்பிக்கும் ஒரு சொல், ஒரு படம் என்ற முறை ஆங்கிலத்திலிருந்து வந்தது. தமிழில் 18 மெய்களில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. அட்டவணை அச்சிடுகிறவர்கள் அந்தக் கட்டத்தை நிரப்ப எங்கிருந்தோ ஒரு வேற்றுமொழிச் சொல்லைத் தேடிப் பிடிக்கிறார்கள், அல்லது ‘ண - பணம்’ என்று போட்டுவிட்டுப் போகிறார்கள். முதல் எழுத்தைத் தேடிப் பழகிய குழந்தை அங்கே ‘ப’ என்று சொன்னால் அது தப்பே இல்லை. இந்த எழுத்துகளைச் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் தேடச் சொல்லுங்கள்: ‘கண் என்று சொல்லு, கடைசியில் என்ன கேட்குது?’

‘ம்’ என்பதை ‘இம்’ என்றுதானே நாங்கள் படித்தோம்?

நானும் அப்படித்தான் படித்தேன். புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகச் சொல்வது சிரமம் என்பதால் முன்னால் ஓர் ‘இ’ சேர்த்து இக், இங், இச் என்று பெயர் வைத்தார்கள். பெயராக இருக்கும் வரை பரவாயில்லை. வாசிக்கும்போதுதான் அது காலை வாரும். ப, ட, ம் மூன்றையும் தனித்தனியாகச் சரியாகச் சொல்லிவிட்டு, சேர்த்துச் சொல் என்றால் குழந்தை ‘படஇம்’ என்று வாசிக்கும். அப்படி ஒரு சொல் உலகத்தில் இல்லையே என்று நம்மைப் பார்க்கும். அதன் மேல் தப்பே இல்லை, நாம் சொன்னதைத்தான் சேர்த்தது.

இதற்கு ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. ‘படம்’ என்று பெரிதாக எழுதி, கடைசி எழுத்தை உங்கள் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். குழந்தை ‘பட’ என்று வாசிக்கும். இன்னொரு முறை, வேகமாக, ‘பட’. இப்போது விரலை எடுத்துவிட்டு, ‘வாயை மூடு’ என்று மட்டும் சொல்லுங்கள். உதடு ஒட்டிய அந்த நொடியில் ‘படம்’ வந்து நிற்கும். புள்ளி என்றால் வாயை மூடுவது, அல்லது நாக்கை ஓரிடத்தில் நிறுத்துவது என்று உடம்புக்குப் புரிந்துவிடும். ‘கல்’ என்றால் நாக்கின் நுனி மேலே ஒட்டும், ‘கண்’ என்றால் நாக்கு மடங்கும். கண்ணாடி முன் உட்கார்ந்து செய்தால் குழந்தைகள் நாக்கைத் தேடித் தேடிப் பார்ப்பார்கள்.

நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. தமிழ்ச் சொற்கள் ம், ல், ர், ன், ண், ள், ழ், ய் போன்று இழுத்துச் சொல்லக்கூடிய மெய்களில்தான் முடியும். க், ட், ப் போன்ற வல்லின மெய்களில் முடியாது, அவை நடுவில் மட்டும் வரும். அங்கே ‘ட்’டைத் தனியாகச் சொல்ல முயலாமல், ஒரு நொடி முட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்: ‘பட்—டம்’. ஓடி வந்து சுவரில் கை வைத்து நிற்கிற மாதிரி.

புதிய எழுத்து ஒன்றை எப்படி அறிமுகப்படுத்துவது?

ஒரே நேரத்தில் இரண்டு எழுத்து, முடிந்தால் மூன்று. உருவத்திலும் ஒலியிலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவையாக எடுங்கள். ‘ம’வும் ‘க’வும் சரி. ‘ல’வும் ‘வ’வும் ஒன்றாக வேண்டாம்.

பிரெஞ்சு மருத்துவர் எடுவார் செகாங் 19-ஆம் நூற்றாண்டில் பயன்படுத்திய ஒரு முறையை மரியா மாண்டிசோரி எடுத்துக்கொண்டார். மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907-இல் ரோம் நகரில் தொடங்கியவர். முறை மூன்றே படிதான். முதலில் நாம் சொல்கிறோம்: ‘இது ம. இது க.’ அடுத்து நாம் கேட்கிறோம், குழந்தை காட்டுகிறது: ‘ம எங்கே? க-வை என் கையில் வை. ம-வைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வை.’ இந்த இரண்டாவது படியில்தான் நீண்ட நேரம் இருக்க வேண்டும். விளையாட்டு நடப்பதும் மனதில் பதிவதும் இங்கேதான். கடைசியாகத்தான் ‘இது என்ன?’ பெரும்பாலான வீடுகளில் முதல் நாளே மூன்றாவது படிக்குத் தாவிவிடுகிறார்கள். குழந்தை முழிக்கிறது, நமக்குக் கோபம் வருகிறது. மூன்றாவது படியில் தடுமாறினால் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதுக்குத் திரும்பிவிடுங்கள்.

மாண்டிசோரி உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவ வைத்தார். நீங்களும் வெட்டி ஒட்டலாம். தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும்போது கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன.

எழுத வைக்கலாமா? பென்சிலைச் சரியாகப் பிடிக்கவே மாட்டேன் என்கிறான்.

வாசிப்பும் எழுதுவதும் ஒரே வண்டியில் போக வேண்டியதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று வயதில் வட்டம் வரைய வரும், நான்கில் கூட்டல் குறி, நான்கரை ஐந்தில் சதுரம். ‘அ’ என்ற எழுத்தைப் பாருங்கள்: சுழி, வளைவு, கோடு எல்லாம் ஒன்றில் இருக்கிறது. சதுரமே வராத கையில் முதல் எழுத்தாக அதைத் திணிப்பது பாவம். எழுதும் ஆர்வம் வந்துவிட்டால் ட-வில் ஆரம்பியுங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, முடிந்தது. அதன் முனையை மேலே தூக்கினால் ப. ப-வின் முனையை உள்ளே வளைத்தால் கிட்டத்தட்ட ம.

பிடிமானம் கைத்தசையோடு சம்பந்தப்பட்டது. களிமண் பிசைவது, துணி பிழிவது, கிளிப் மாட்டுவது, காகிதம் கிழிப்பது எல்லாம் பென்சிலுக்கான பயிற்சிதான். எழுத்துக்கு மணல், ஈரத் தூரிகை, சிலேட்டு போதும். கட்டை விரல் நீளத்துக்கு உடைத்த சாக்பீஸ் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். முழு முஷ்டியால் பிடிக்க இடமே இருக்காது, விரல்கள் தாமாகச் சரியாக வந்து அமரும்.

நான்கு வரி நோட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுத வைப்பது மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

‘க’ ஒரே எழுத்துதான், ஆனால் கல், பங்கு, பகல் மூன்றிலும் வேறு மாதிரி ஒலிக்கிறதே. குழந்தை குழம்பாதா?

குழம்பாது. தமிழ் பேசி வளரும் குழந்தைக்கு இந்த விதி நாக்கிலேயே இருக்கிறது. சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்து வந்தாலும் வன்மையாக ஒலிக்கும்: கல், பக்கம். மெல்லின எழுத்துக்குப் பின் வந்தால் கனமாக, அடித்தொண்டையில் அதிரும்: பங்கு, பந்து, பாம்பு. இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவில் மென்மையாகும்: பகல், கதவு. குழந்தை ‘ப… க… ல்’ என்று ஒவ்வொன்றையும் வன்மையாகக் கூட்டிவிட்டு, ஒரு கணம் நின்று, தானே ‘பகல்!’ என்று சரியாகச் சொல்லும். கேட்டுப் பழகிய சொல் அதைச் சரியான ஒலிக்கு இழுத்துவிடும். கூட்டி முடித்ததும் நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடாமல் அந்த ஒரு கணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

வீட்டில் தமிழ் குறைவாகவே பேசும் குழந்தைக்கு இந்த இழுப்பு இருக்காது. அங்கே எழுத்துக்கு முன்னால் பேச்சு வேண்டும். நிறையக் கதை, நிறையப் பேச்சு, அப்புறம் எழுத்து.

ல, ள, ழ? ந, ன, ண? ர, ற?

இந்த வயதில் நாம் சரியாக ஒலித்தால் போதும், குழந்தையிடம் எதிர்பார்க்க வேண்டாம். ர, ழ இரண்டும் பல குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் நாக்கில் வரும். மூன்றையும் ஒரே நாளில் வரிசையாக வைத்து வேறுபாடு சொல்லித்தருவதுதான் குழப்பத்தின் பிறப்பிடம். ஒன்று நன்றாக ஊறியபின், பல வாரம் கழித்து அடுத்தது. இரண்டு சுழி, மூன்று சுழி என்று உருவத்தைச் சொல்லிக்கொடுப்பது அடையாளத்துக்கு உதவும். ஆனால் ‘மனம்’, ‘மணம்’ என்று காதில் வித்தியாசம் கேட்ட பிறகு சொல்லுங்கள்.

கொம்பு வந்தாலே தடுமாறுகிறாள். ‘கெ’யை எப்படிப் புரிய வைப்பது?

அவள் தடுமாறுவதில் நியாயம் இருக்கிறது. இடமிருந்து வலமாகப் பார் என்று இப்போதுதான் சொல்லிக்கொடுத்தோம். ‘கெ’யில் கொம்பு இடப்பக்கம் முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஐந்து வயதுக்கு முன் இதைத் தொட வேண்டாம் என்பது என் யோசனை.

துணைக்கால் முதலில் (கா, மா, பா), அடுத்து ‘கி, மி, டி’யில் வரும் மேல் வளைவு. இவை எழுத்தோடு ஒரே மாதிரி ஒட்டுவதால் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை வந்துவிடும். கு, டு, மு, பு வரிசை ஒவ்வொன்றும் ஒரு விதமாக மாறும். அதற்கு விதி சொல்லாமல் டு, கு என்று அடிக்கடி வருபவற்றைத் தனி எழுத்தாகவே காட்டுங்கள். ஆடு, மாடு, நாடு எல்லாம் அதில் வந்துவிடும். கொம்பு கடைசியில். ‘கொம்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்’ என்று ஒரு விளையாட்டாக ஆக்கிக்கொள்ளலாம்.

தாத்தா எழுதும் ‘லை’ வேறு மாதிரி இருக்கிறதே?

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் பழைய உருவங்கள் மாறின. அதற்கு முன் படித்தவர்கள் பழைய முறையில் எழுதுவார்கள். குழந்தை கேட்டால், இது அந்தக் காலத்து லை என்று சொல்லிக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு இது பெரிய ரகசியம் மாதிரி இருக்கும்.

ஆங்கிலம் எப்போது? இரண்டையும் ஒன்றாகச் சொல்லித்தரலாமா?

இரண்டு மொழி பேசுவதற்குத் தடையே இல்லை. கூட்டிப் படிப்பதை மட்டும் ஒரு மொழியில் முதலில் பழக்குங்கள் என்பேன், அது தமிழாக இருந்தால் எளிது. ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகளோ சுமார் 44. ஒரே எழுத்து இடத்துக்கு இடம் மாறும். தமிழில் சொல்லை உடைக்கவும் ஒட்டவும் தெரிந்த காது, அதே திறமையை ஆங்கிலத்துக்கும் எடுத்துக்கொண்டு போகும்.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயரை விட்டு ஒலியைச் சொல்லுங்கள். எஸ், யு, என் என்று எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் ‘சன்’ வராது. ஸ்ஸ், அ, ன் என்றால் வரும். இந்த ஒலிகளின் வாலில் ‘உ’ ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஸு’, ‘னு’ என்று பழகினால் ‘ஸுஅனு’ என்றுதான் கூட வரும். ஃபோனிக்ஸ் வகுப்புகளில் பெரும்பாலும் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்தில் ஆரம்பிப்பார்கள். காரணம் நான் மேலே சொன்ன ப, ட, ம கதைதான்: குறைந்த எழுத்தில் நிறையச் சொல்.

கதைப் புத்தகம் படிக்கும்போது எழுத்துகளைக் காட்ட வேண்டுமா?

கொஞ்சமாக. குழந்தைகள் புத்தகத்தில் படத்தைத்தான் பார்ப்பார்கள், நாம் காட்டினால் ஒழிய எழுத்துப் பக்கம் கண் போகாது. தலைப்பை வாசிக்கும்போது விரலை அடியில் ஓட்டுங்கள். ஒரு பக்கத்தில் ஓரிடத்தில் ‘அட, உன் எழுத்து இங்கே இருக்கு’ என்று தொடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கதை கதையாகவே இருக்கட்டும். நரி என்ன செய்யப்போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் குழந்தையிடம் ‘இது என்ன எழுத்து?’ என்று கேட்பது எனக்கு மனசே வராத காரியம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. ‘இன்னும்’ என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

செயலி, வீடியோ எல்லாம் உதவுமா?

பாட்டுக்கு ஓரளவு உதவும். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. வீடியோவில் வரும் குரல் குழந்தை தடுமாறும்போது நிற்காது, உதடு எப்படி மூடுகிறது என்று திரும்பக் காட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பார்த்து, முடிந்ததும் அதே எழுத்தை வீட்டில் தேடினால் கொஞ்சம் பயன் உண்டு.

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுகிறான். பயப்பட வேண்டுமா?

ஆறு, ஏழு வயது வரை இது சாதாரணம். ஒரு கோப்பையின் பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது கோப்பைதான் என்றே மூளை இதுவரை பழகியிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் பக்கம் முக்கியம் என்பது புதுச் செய்தி. ஆங்கிலத்தின் சின்ன பி, டி (b, d) இரண்டிலும் இது அதிகம் தெரியும். எழுத ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்துக்கொடுங்கள், கை பழகிவிடும்.

தப்பாக வாசித்தால் உடனே திருத்தலாமா?

‘தப்பு’ என்ற சொல்லை விட்டுவிட்டு, சரியானதை நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போங்கள். ‘கடல்’ என்பதைக் ‘கப்பல்’ என்று வாசித்தால் அது படத்தைப் பார்த்து ஊகித்திருக்கிறது. ‘கப்பலும் கடலில்தானே இருக்கும்! இங்கே நடுவில் யார் என்று பார்ப்போம்’ என்று விரலை ட-வின் மேல் வையுங்கள். ஊகம் புத்திசாலித்தனம்தான், கண்ணை எழுத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே நம் வேலை.

பக்கத்து வீட்டுக் குழந்தை நான்கு வயதில் வாசிக்கிறது. என் மகளுக்கு ஆர்வமே இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பெற்றோரின் குரலில் இருக்கும் பயம் எனக்கு நன்றாகத் தெரியும், நானும் பயந்திருக்கிறேன். நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிப்பு கற்கத் தொடங்கிய குழந்தைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், பதினொரு வயது வாக்கில் இருவரின் வாசிப்புத் திறனிலும் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் மகளுக்கு எதில் ஆர்வம் என்று பாருங்கள். வண்டியா, பூச்சியா, பொம்மையா? அதைப் பற்றி அவளோடு நிறையப் பேசுங்கள். சொல்வளம் இருக்கும் குழந்தைக்கு எழுத்து பின்னால் ஓடி வந்து சேரும். எழுத்தைக் கண்டாலே எழுந்து ஓடுகிறாள் என்றால் ஒரு மாதம் அட்டைகளை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டு ஆமைப் பேச்சை மட்டும் விளையாடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் அல்லது பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும்?

எழுத்து தெரியவில்லை என்பதற்காக நான்கு வயதில் யாரிடமும் போக வேண்டாம். பேச்சையும் காதையும் கவனியுங்கள். மூன்று வயதில் குழந்தை பேசுவதில் பெரும்பகுதி வெளியாருக்கும் புரிய வேண்டும், நான்கு வயதில் கிட்டத்தட்ட எல்லாமே புரிய வேண்டும். புரியவில்லை என்றால் காட்டுங்கள். ஐந்து வயது நெருங்கியும் கைதட்டிச் சொல்லை உடைப்பதும் ஓசை ஒத்த சொல்லைக் கேட்பதும் வரவே இல்லை என்றாலும், குடும்பத்தில் யாருக்காவது வாசிப்புக் குறைபாடு இருந்திருந்தாலும், ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

முதலில் கேட்கும் திறன் சோதனை. அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைக்குச் சில மாதங்கள் பேச்சு மங்கலாகத்தான் காதில் விழும். பின்னாலிருந்து மெதுவாக அதன் பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள். பலமுறை திரும்பவில்லை என்றால், எழுத்து அட்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், காது மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.